பத்திர ஏடுகள் காத்த பெயர்கள்

பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில் இறைவாக்கினர் எரேமியா ஒரு நிலம் வாங்கினார். அனத்தோத்தில் இருந்த அந்த நிலத்தைத் தம் உறவினர் அனமேலிடமிருந்து 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கியதையும், பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையிட்டதையும், சாட்சிகளை அழைத்ததையும், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததையும் அவரது நூலின் 32ஆம் அதிகாரம் ஒன்று விடாமல் சொல்கிறது. பத்திரங்கள் நெடுநாள் கெடாதிருக்கும்படி அவற்றை ஒரு மண்கலத்தில் இட்டு வைக்குமாறு பாரூக்கு பணிக்கப்படுகிறார். நம்பிக்கையைப் பற்றிய மறையுரைகளில் நாம் அடிக்கடி கேட்டிருக்கும் பகுதி இது. இதில் இன்னொரு படிப்பினையும் உண்டு. நாடும் வீடும் இழக்கப்போகும் ஒரு மக்களினத்தைப் பற்றி, அவர்கள் பாடிய பாடல்கள் மட்டுமல்ல, அவர்கள் எழுதி வைத்த சாதாரணக் கிரயப் பத்திரமும் சான்று பகரும்.

அவ்வாறான சான்று ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம். நடுக்கால ஐரோப்பாவில் வாழ்ந்த யூதரைப் பற்றி நம்மில் பலர் அறிந்தவை மூன்று வழிகளில் வந்தவை: திருச்சங்கங்களின் சட்டங்கள், அரசர்களின் ஆணைகள், துறவற மடங்களில் எழுதப்பட்ட ஆண்டுக் குறிப்புகள். 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் யூதர் வாங்கும் மிகை வட்டியைக் கண்டித்தது. அவர்கள் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என்றும் விதித்தது. அரச ஆணைகள் அவர்களுக்கு வரி விதித்தன, அல்லது நாடு கடத்தின. ஆண்டுக் குறிப்புகளோ கலவரமும் கொலையும் நிகழ்ந்தபோது மட்டுமே அவர்களை நினைத்தன. இம்மூன்றையும் படித்து முடிப்பவர் மனத்தில் எஞ்சுவது ஓர் உருவம். அந்த உருவத்துக்குப் பெயர் இல்லை. பின்னாளில் ஷேக்ஸ்பியர் அதற்கு ஷைலக் என்று பெயர் சூட்டினார். 1290இல் யூதரை முற்றாக வெளியேற்றிவிட்ட இங்கிலாந்தில், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நாடகம் அது. அதை எழுதியவரும் முதலில் பார்த்தவர்களும் வாழ்ந்த நாட்டில், யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு வாழும் உரிமை எவருக்கும் இல்லை.

நான்காவது வழி ஒன்று உண்டு. அது நோட்டரிகளின் பதிவேடு.

பொது நம்பிக்கையின் எழுத்தர்

நம் ஊர்களில் பத்திர எழுத்தர் ஒருவரும் சார்பதிவாளர் ஒருவரும் செய்யும் பணிகளை ஒருவரே செய்தால் எப்படியோ, அப்படிப்பட்டவர் நடுக்கால நோட்டரி. உரோமைச் சட்டம் இத்தாலியில் மீண்டும் உயிர்பெற்ற 12ஆம் நூற்றாண்டில் இப்பணி வளர்ந்து, நடுநிலக் கடலின் கரையோர நகரங்களெல்லாம் பரவியது. இன்று நமக்கு எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய நோட்டரிப் பதிவேடு, செனோவா நகரில் 1154 முதல் 1164 வரை ஜொவான்னி ஸ்கிரிபா என்பவர் எழுதியது. நோட்டரியின் கையெழுத்தும் குறியும் உள்ள ஆவணத்தை எந்த நீதிமன்றமும் ஏற்றது. அதனால் விற்பனை, கடன், குத்தகை, கூட்டு வாணிபம், சீதனம், உயில், தொழில் பயிலும் சிறுவனுக்கான ஒப்பந்தம் என மனித வாழ்வின் எல்லாக் கொடுக்கல் வாங்கலும் அவருடைய மேசைக்கு வந்தன.

அவருடைய வேலைமுறையை அறிந்தால்தான் அந்த ஏடுகளின் அருமை விளங்கும். இரு தரப்பினரும் சாட்சிகளோடு வந்து சொல்வதை அவர் முதலில் சுருக்கக் குறிப்பாக ஏட்டில் எழுதுவார். மொழி இலத்தீன், வந்தவர்கள் பேசுவதோ கத்தலான் அல்லது புரொவான்சால். எனவே எழுதியதன் பொருளை அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வார். வழக்கமான சட்டத் தொடர்களை 'முதலியன' என்று குறுக்கிவிடுவார். பின்னர் கேட்பவருக்கு அதையே முழு வடிவில் தோல் ஏட்டில் எழுதித் தருவார். கடன் தீர்ந்ததும் பதிவேட்டிலுள்ள குறிப்பின்மீது கோடுகளை இழுத்து அடித்துவிடுவார். சில வேளை தீர்ந்த நாளையும் ஓரத்தில் குறிப்பார். எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அந்த அடித்தல் கோடே, வாங்கிய கடன் திருப்பித் தரப்பட்டது என்பதற்கான சான்றாக வரலாற்றறிஞரின் கண்முன் நிற்கிறது.

யூதர் தங்கள் சமூகத்துக்குள் எபிரேயத்தில் ஆவணங்கள் எழுதிக்கொண்டனர். அவர்களுக்கெனத் தனி நீதிமன்றமும் இருந்தது. அப்படியிருக்க, சிலுவைக் குறியோடும் ஆண்டவரின் ஆண்டைக் குறித்தும் தொடங்கக்கூடிய ஒரு பத்திரத்துக்காக அவர்கள் கிறிஸ்தவ நோட்டரியிடம் வந்ததேன்? கிறிஸ்தவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அரச நீதிமன்றத்தில் நிலைநாட்ட அந்தப் பத்திரம் தேவைப்பட்டது. அதோடு அவர்களின் சட்டமரபும் அதற்கு இடம் தந்திருந்தது. பிற இனத்தாரின் பதிவகங்களில் எழுதப்பட்ட ஆவணங்கள், மணமுறிவுச் சீட்டும் அடிமை விடுதலைச் சீட்டும் நீங்கலாக, செல்லும் என்று மிஷ்னா நூலின் கித்தீன் பகுதி முன்பே வகுத்துவிட்டது. ஆக, நோட்டரியின் மேசை இரு சமயத்தாரும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிய ஓர் இடமாயிற்று. கத்தலோனியாவின் விக், புய்ச்செர்தா ஆகிய ஊர்களில் யூதரின் கொடுக்கல் வாங்கலுக்கென்றே 'யூதர்களின் ஏடு' என்ற பெயரில் தனிப் பதிவேடுகள் பேணப்பட்டன.

பெர்ப்பிஞான் நகரின் ஏடுகள்

இன்று பிரான்சு நாட்டின் தென்கோடியில் இருக்கும் பெர்ப்பிஞான், 13ஆம் நூற்றாண்டில் அரகோன் அரசரின் ஆட்சியில் இருந்தது; 1276 முதல் மயோர்கா அரசின் தலைநகராக விளங்கியது. துணி வாணிபத்தால் விரைந்து வளர்ந்த நகரம். அங்கு 1261 முதல் 1287 வரை எழுதப்பட்டு எஞ்சியுள்ள நோட்டரிப் பதிவேடுகளை அமெரிக்க வரலாற்றறிஞர் ரிச்சர்டு எமரி வரிவரியாக ஆராய்ந்து, அந்நகர யூதரைப் பற்றி 1959ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அளவில் சிறிய அந்நூல், இத்துறையில் பின்வந்தவர்களுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று.

அதே 1959ஆம் ஆண்டு திருஅவையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறிக்க வேண்டும். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து நூற்றாண்டுகளாக வழங்கிவந்த 'நம்பிக்கை கெட்ட' எனும் பொருள்படும் இலத்தீன் அடைமொழியைத் திருத்தந்தை 23ஆம் யோவான் அவ்வாண்டு நீக்கச் செய்தார். இரண்டு செயல்களுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் வழிபாட்டில் ஓர் அடைமொழி நீங்கிய அதே ஆண்டில், அந்த அடைமொழிக்குப் பின்னால் மறைந்திருந்த மனிதர்கள் தத்தம் பெயரோடு ஆய்வு நூலொன்றில் எழுந்து நின்றார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

எமரி கண்டது என்ன? பெர்ப்பிஞான் யூதர் பலர் வட்டிக்குக் கடன் கொடுத்தனர் என்பது உண்மையே. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் யார்? எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சுற்றுவட்டாரக் கிராமத்தார். பெரும்பாலான மற்றவர்கள் நகரத்தின் கைவினைஞரும் வணிகரும். பிரபுக்களும் குருக்களும் மிகச் சிலரே. விதைக்கும் வரிக்கும் அறுவடைக்கு முந்திய மாதங்களின் உணவுக்கும் பணம் தேடிய உழவர் குடும்பங்களே அங்கு மிகுதி. திருப்பித் தர வேண்டிய நாள் பெரும்பாலும் ஒரு திருவிழாவைக் கொண்டு குறிக்கப்பட்டது: ஆகஸ்டு மாதத்து மரியன்னை விழா, புனித மிக்கேல் விழா, அனைத்துப் புனிதர் விழா, கிறிஸ்து பிறப்பு விழா. யூதக் கடன்காரர் தம் கணக்கைக் கிறிஸ்தவத் திருநாள்களை வைத்தே கணித்தார். அந்த ஊரின் காலம் அவருடைய காலமாகவும் இருந்தது.

வட்டியைக் குறித்தும் ஒரு சொல். அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் யூதர் வாங்கும் வட்டிக்கு உச்சவரம்பு விதித்திருந்தார்: ஒரு பவுனுக்கு, அதாவது 240 காசுக்கு, மாதம் 4 காசு; ஆண்டுக்கு நூற்றுக்கு 20. நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். பிணையற்ற கடன்கள் நிறைந்த அக்காலத்தில் இது அரசு ஏற்றுக்கொண்ட விகிதம். மேலும், வட்டி வாங்குவது கிறிஸ்தவருக்குத் தடை என்பதால் கிறிஸ்தவர் எவரும் கடன் கொடுக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அறுவடைக்கு முன்பே தானியத்தை விலைபேசி வாங்குதல், வைப்புத்தொகை, கூட்டு வாணிபம், ஆண்டு வருவாயை விலைக்கு வாங்குதல் என்னும் பெயர்களில் அவர்களும் பணத்தைப் பெருக்கினர். அதே நோட்டரிகளின் ஏடுகளில் அவர்களும் இருக்கிறார்கள். இழிபெயர் மட்டும் ஒரு சாராருக்கே உரியதாயிற்று.

பெயர்களே பல செய்திகளைச் சொல்கின்றன. நார்பொன், பெசியே, மொம்பெலியே என்ற ஊர்ப்பெயர்கள் பெர்ப்பிஞான் யூதரின் பெயர்களோடு ஒட்டிவருகின்றன. குடும்பங்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து குடிபெயர்ந்தன என்பதை அவற்றிலிருந்து அறிகிறோம். 1306ஆம் ஆண்டு பிரான்சு அரசர் நான்காம் பிலிப்பு தம் நாட்டு யூதரை வெளியேற்றியபோது, மயோர்கா அரசருக்குரிய பெர்ப்பிஞான் அவர்களில் பலருக்குப் புகலிடமாயிற்று.

ஏட்டில் ஓர் இறையியலார்

எமரியின் ஆய்வு தந்த வியப்புகளுள் ஒன்று, அந்தக் கடன் கொடுத்தோர் வரிசையில் ஒரு பேரறிஞர் நின்றது. மெனாகெம் மெயிரி 1249இல் பெர்ப்பிஞானில் பிறந்தவர். தல்மூது நூலுக்குப் பெரும் விளக்கவுரை எழுதியவர். எபிரேய நூல்கள் அவரை ரபியாகவும் உரையாசிரியராகவும் மட்டுமே காட்டும். நோட்டரியின் ஏட்டில் அவர் தம் ஊர்ப்பெயரான விதால் சலமோன் என்னும் பெயரில், மற்ற அண்டை வீட்டாரைப் போலப் பணம் கொடுத்தும் பெற்றும் வாழ்கிறார்.

இந்த அறிஞரின் இறையியலில் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு கருத்து உண்டு. பண்டைய சிலைவழிபாட்டினரைக் குறித்துத் தல்மூது வகுத்த விலக்குகள், சமய நெறிகளுக்கு உட்பட்டு வாழும் தம் காலத்து மக்களுக்குப் பொருந்தா என்று அவர் கற்பித்தார். கிறிஸ்தவர் தொலைத்த பொருளைத் திருப்பித் தருவதும், வாணிபத்தில் அவர்களிடம் நேர்மையாய் நடப்பதும், யூதர் ஒருவருக்கு ஒருவர் செய்யும் கடமையைப் போன்றவையே என்பது அதன் விளைவு. நடுக்காலத்தில் இவ்வளவு தெளிவாக இப்படிப் பேசியவர்கள் அரியர். அவருடைய கொடுக்கல் வாங்கலிலிருந்து அவருடைய இறையியலுக்கு நேர்க்கோடு இழுத்துவிட முடியாது. ஆயினும், கிறிஸ்தவரைப் பற்றி அவர் எழுதியது ஏட்டுக் கல்வியால் மட்டும் வந்தது அன்று. அவர்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் எழுதியது. இதை நமக்குச் சொல்வது விளக்கவுரை அன்று, பதிவேடு.

இவற்றைச் சொல்லும்போது அக்காலத்தைப் பொற்காலமாக்கி விடக் கூடாது. மெயிரி வாழ்ந்த அதே காலத்தில், அதே நாட்டில், ஜிரோனா நகரில் நிகழ்ந்தது இது: பாஸ்கா காலத்தில் பேராலயக் குருகுலத்தார் மணிக்கூண்டின்மீது ஏறி யூதர் குடியிருப்பின்மேல் கல்லெறிந்தனர். 1278இல் அரசர் மூன்றாம் பேதுரு அந்நகர ஆயருக்கு எழுதிய கண்டன மடலால் இதை அறிகிறோம். வாரநாளில் கடன் பத்திரத்துக்குச் சாட்சியாய் நின்ற நகரத்தார், புனித வாரத்தில் கல்லைக் கையில் எடுப்பதும் நடந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை மறைக்கலாகாது.

பெண்களும் இறுதி விருப்பமும்

அரச ஆணைகளில் யூதப் பெண்கள் அரிதாகவே வருகிறார்கள். நோட்டரியின் ஏடுகளிலோ அவர்கள் கணவரோடு சேர்ந்து கடனுக்கு ஒப்புதல் தருகிறார்கள். கைம்பெண்ணாகித் தம் பிள்ளைகளின் காப்பாளராய்ச் சொத்தை நிருவகிக்கிறார்கள். தங்கள் சீதனத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். ரெபேக்கா வைனர் என்னும் வரலாற்றாசிரியர் பெர்ப்பிஞான் பெண்களைப் பற்றி 2006இல் வெளியிட்ட நூல், கிறிஸ்தவ, யூதக் கைம்பெண்களின் நிலையை இவ்வேடுகளைக் கொண்டே ஒப்பிட்டுக் காட்டுகிறது.

உயில்களைப் பற்றி எழுதியவர் ஓர் இயேசு சபைக் குரு என்பது நமக்கு மகிழ்வு தருவது. அருட்பணியாளர் இராபர்ட் பர்ன்ஸ் (1921–2008), அரகோன் அரசின் வரலாற்றை ஆய்வதில் தம் வாழ்வைச் செலவிட்டவர். 1250 முதல் 1350 வரை யூதர் கிறிஸ்தவ நோட்டரிகளைக் கொண்டு இலத்தீனில் எழுதுவித்த உயில்களைத் திரட்டி 1996இல் நூலாக்கினார். இறக்கும் தறுவாயில் ஒருவர் தம் நெஞ்சில் எவற்றைச் சுமக்கிறார் என்பதை உயில் காட்டும். மகளுக்கு ஒரு பங்கு, தொழுகைக்கூடத்துக்கு ஒரு நன்கொடை, ஏழைகளுக்கு உதவி, அடக்கம் செய்யும் முறை: வரிசை நமக்கு அந்நியமானதன்று. பங்குத் தளங்களில் நோயுற்றோரின் படுக்கையருகே அமர்ந்தவர்கள் இதை உடனே அறிந்துகொள்வார்கள். அயல் சமயத்தவரான ஓர் எழுத்தரின் கையில் தம் இறுதி விருப்பத்தை ஒப்படைக்க எத்துணை நம்பிக்கை வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்சேய், 1317

நோட்டரிகள் நீதிமன்றங்களிலும் எழுத்தராய் இருந்தனர். அவர்கள் எழுதிவைத்த வழக்குகளுள் ஒன்று மார்சேய் நகரில் 1317இல் நடந்தது. போன்தாவித் என்னும் யூதக் கடன்காரர் 60 சூ கடனுக்கான பத்திரத்தைக் காட்டிப் பணம் கேட்கிறார். கடன் வாங்கிய லொரன்சியுஸ் ஜிரார்தி, அதை முன்பே கொடுத்துத் தீர்த்துவிட்டதாகவும், தீர்ந்த கடனைப் போன்தாவித் மீண்டும் கேட்கிறார் என்றும் குற்றம் சாட்டுகிறார். தொகை பெரிதன்று. ஆனால் கடன் கொடுக்கும் ஒருவருக்கு நாணயமே முதல். எனவே போன்தாவித் தம் நற்பெயரை நிலைநாட்டச் சாட்சிகளை அழைத்தார்.

வந்தவர்கள் இருபத்துநான்கு பேர், அனைவரும் கிறிஸ்தவர்கள். அவர்களுள் குருகுலத்தாரும் பிரபுக்களும் இருந்தனர். அவர் கடனைத் தள்ளிக்கொடுத்ததையும், தவணை நீட்டித் தந்ததையும், வட்டியை விட்டுக்கொடுத்ததையும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சான்று பகர்ந்தனர். அவருடைய நேர்மையை வெளிப்படையாகப் புகழ்ந்தனர். யோசப் ஷாட்ஸ்மில்லர் என்னும் அறிஞர் இந்த வழக்கை 1990இல் தனி நூலாக ஆராய்ந்தார். அந்நூலுக்கு ஷைலக்கை மறுபடியும் எண்ணிப் பார்க்கும் பொருளில் தலைப்பு இட்டார்.

ஒரு வழக்கைக் கொண்டு ஒரு காலத்தையே தீர்மானிக்க முடியாதுதான். தம் பக்கத்துச் சாட்சிகளைப் போன்தாவித்தே தெரிந்தெடுத்தார் என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றை நாம் கருத வேண்டும். அக்கால மறையுரைகளும் கதைகளும் யூதக் கடன்காரரைப் பற்றி ஒரே உருவத்தைத் தீட்டிக்கொண்டிருந்தன. ஆணையிட்டுச் சான்று சொல்லும் வேளை வந்தபோது இருபத்துநான்கு கிறிஸ்தவர்கள் அந்த உருவத்தை ஒதுக்கிவிட்டுத் தாம் அறிந்த மனிதரைப் பற்றிப் பேசினார்கள். மறையுரையில் கேட்டது வேறு, தெருவில் பார்த்தது வேறு. அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள்.

இரண்டு பெயர் கொண்ட ஒருவர்

ஏடுகள் எப்போதும் ஆறுதலான செய்தியையே தருவதில்லை. எசிகா நகரின் தலைமைத் திருத்தொண்டர் பெர்ரான் மார்த்தினெஸ் ஆற்றிவந்த பகைமை மறையுரைகளின் விளைவாக, 1391இல் செவில் நகரில் யூதருக்கு எதிரான பெருங்கலவரம் வெடித்தது. அது வலென்சியா, பார்சலோனா, ஜிரோனா எனப் பரவிப் பெர்ப்பிஞான் வரை எட்டியது. பல்லாயிரவர் சாவுக்கு அஞ்சித் திருமுழுக்குப் பெற்றனர்.

அவர்களுள் ஒருவர் புரொபியாத் துரான். எபிரேய இலக்கணமும் வானியலும் மெய்யியலும் கற்ற அவர், கிறிஸ்தவக் கோட்பாடுகளை மறுத்துக் கூர்மையான நூல்களை எபிரேயத்தில் எழுதியவர். அப்படி எழுதியவர் விரைவில் யூத சமயத்துக்கு வெளிப்படையாகத் திரும்பியிருக்க வேண்டும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1968இல் எமரி, பெர்ப்பிஞான் நோட்டரி ஏடுகளிலிருந்து வேறொரு செய்தியை வெளிக்கொணர்ந்தார். துரான் அந்நகரில் ஒனொராத்துஸ் தெ போனாபிதே என்னும் கிறிஸ்தவப் பெயரோடு பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்; பத்திரங்களில் கிறிஸ்தவராகவே வருகிறார். அதே ஆண்டுகளில்தான் இல்லத்துக்குள் அந்த எபிரேய நூல்கள் எழுதப்பட்டன. 'போனாபிதே' என்றால் நல்ல நம்பிக்கை. திருமுழுக்கு அவருக்குத் தந்த பெயர் அது.

இங்கு நாம் தலைகுனிந்து நிற்க வேண்டியவர்களாகிறோம். விருப்பமின்றித் திருமுழுக்கு அளிப்பது திருஅவையின் போதனைக்கு மாறானது என்பது அன்றைக்குப் புதிய செய்தியன்று. 591ஆம் ஆண்டிலேயே புனித பெரிய கிரகோரியார், தென் பிரான்சின் ஆர்ல், மார்சேய் ஆயர்களுக்கு எழுதிய மடலில், யூதரை வற்புறுத்தித் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவருவதைக் கண்டித்து, மனம் திரும்புதல் போதனையின் இனிமையால் வர வேண்டும் என்று அறிவுறுத்தினார். எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அந்தப் போதனை கலவரத் தெருக்களை எட்டவில்லை. நோட்டரியின் ஏட்டில் நல்ல மையால் எழுதப்பட்ட ஒரு கிறிஸ்தவப் பெயர், அதற்குள் மூச்சுத்திணறிய ஒரு மனச்சான்றை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

ஏடுகளின் எல்லை

இச்சான்றுகளைக் கையாள்பவர்க்கு எச்சரிக்கை தேவை. ரொக்கம் கொடுத்துத் துணி வாங்கியவர் நோட்டரியிடம் போவதில்லை. கடன் கொடுத்தவர் போவார். எனவே பதிவேட்டை மட்டும் படித்தால், யூதர் கடன் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் எழும். தையற்காரராய், சாயமிடுபவராய், தரகராய், மருத்துவராய் அவர்கள் உழைத்த நாள்கள் ஏட்டில் அரைகுறையாகவே விழுந்தன. ஓய்வுநாள் விளக்கொளியும், தொழுகைக்கூடத்தின் படிப்பும், பிள்ளைகளின் சிரிப்பும் அறவே விழவில்லை. யூதர் தமக்குள் செய்துகொண்டவை எபிரேயத் தாள்களில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எந்த ஏடு தப்பியது, எது எலிக்கும் நெருப்புக்கும் இரையானது என்பதும் தற்செயலே.

ஊருக்கு ஊர் நிலைமையும் மாறியது. 1487இல் சிசிலித் தீவின் பலெர்மோ வழியாகச் சென்ற ரபி ஒபதியா, அங்கு ஏறத்தாழ 850 யூதக் குடும்பங்கள் இருந்ததையும், அவர்கள் பெரும்பாலும் செம்புக் கொல்லர், இரும்புக் கொல்லர், சுமைதூக்குவோர், கூலியாளர் என்பதையும் தம் தந்தைக்கு எழுதிய மடலில் குறித்தார். சிசிலி நோட்டரிகளின் ஏடுகளும் அவர்களை உழைக்கும் மக்களாகவே காட்டுகின்றன. வட்டிக்காரர் என்ற ஒரே அச்சில் ஒரு மக்களினத்தையே வார்த்தவர்கள் பலெர்மோவின் உலைக்களங்களைப் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டுகளில், 1492இல், அவர்களையும் வெளியேற்றும் ஆணை பிறந்தது. 1493இல் பெர்ப்பிஞான் யூதரும் வெளியேறினர். 1501க்குள் புரொவான்சு நாட்டு யூதரின் கதையும் முடிந்தது.

உறையாகிய வேதம்

இன்னொன்றைச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. இத்தாலியின் ஆவணக் காப்பகங்களில், குறிப்பாக மோதெனா, பொலோஞ்ஞா பகுதிகளில், நோட்டரிப் பதிவேடுகளின் மேலட்டையைக் கூர்ந்து நோக்கியவர்கள் அதில் எபிரேய எழுத்தைக் கண்டனர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில், பறிமுதலானவையும் கைவிடப்பட்டவையும் உள்ளிட்ட எபிரேயக் கையெழுத்து நூல்கள் பிரித்துக் கிழிக்கப்பட்டு, அவற்றின் உறுதியான தோல் ஏடுகள் பதிவேடுகளுக்கு உறையாயின. விவிலியப் பக்கங்களும் தல்மூதுப் பக்கங்களும் மன்றாட்டு நூல்களும் இப்படிக் கணக்கேடுகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. 1980களில் தொடங்கிய ஒரு பெரும் முயற்சி அவற்றைத் தேடிப் பட்டியலிட்டது. இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்துள்ளன. கத்தலோனியாவின் ஜிரோனாவிலும் பழைய ஏடுகளின் அட்டைகளுக்குள் இத்தகைய எபிரேயத் தாள்கள் பல வெளிப்பட்டன.

உள்ளே யூதரின் பெயர்கள். வெளியே அவர்களின் மறைநூல். இரண்டையும் காத்தவர்கள் காக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் அல்லர். நோட்டரி தம் கூலிக்காக எழுதினார். அட்டை கட்டியவர் மலிவான தோல் தேடினார். ஆனால் சங்கச் சட்டங்களும் மேடைப் பேச்சுகளும் மறந்துவிட்ட மனிதர்களை அந்த அக்கறையற்ற கைகளே நமக்குத் தந்திருக்கின்றன. இதில் கடவுளின் பராமரிப்பைக் காண்பது மிகையாகாது என்று நம்புகிறோம்.

1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவருடைய பாடுகளின் பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதும், இன்று வாழும் யூதர்மீதும் சுமத்தலாகாது என அறிவித்தது. 1986 ஏப்ரல் 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை நகர யூதத் தொழுகைக்கூடத்தில் கால்வைத்து, அம்மக்களை மூத்த சகோதரர்களாக வாழ்த்தினார். போதனை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் போதனை மேலிருந்து இறங்கி வர நெடுங்காலம் பிடிக்கும் என்பதைக் கிரகோரியாரின் மடல் நமக்கு முன்பே காட்டிவிட்டது. தவக்கால நாடகங்களில் யூதர் என்றால் கோணல் மூக்கும் பணப்பையும் என்று வேடமிடுவதும், மறைக்கல்வி வகுப்பில் 'யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் நம்மிடையே இன்னும் எங்கேனும் இருந்தால், அவற்றைத் திருத்துவது ஆயர்களின் சுற்றுமடலால் மட்டும் ஆகிவிடாது.

அதற்கு மார்சேய் நகரத்தார் இருபத்துநான்கு பேர் செய்ததைச் செய்ய வேண்டும். ஓர் இனத்தைப் பற்றி, ஒரு சாதியைப் பற்றி, ஒரு சமயத்தாரைப் பற்றி ஊர் பேசும் பேச்சு நம் காதில் விழும்போது, நாம் அறிந்த ஒருவரின் பெயரை நினைவில் கொண்டுவந்து, அவரைப் பற்றி நாம் கண்டதை அஞ்சாமல் சொல்ல வேண்டும். நம் சாட்சியை எந்த நோட்டரியும் எழுதிவைக்கப் போவதில்லை. ஆனாலும் அது உண்மையாக இருக்கட்டும்.